கோட்டை, கிடங்கு, லாடாங்

கட்டடங்கள் தம் பயன்பாட்டை மாற்றிக்கொள்வது உலகெங்கும் காணும் வழக்கமே. பாரிசின் லூவர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையாக எழுந்து, அரண்மனையாகி, 1793இல் அருங்காட்சியகமாயிற்று. நெகிரி செம்பிலானில் அத்துணைப் பழமையான கோட்டை இல்லை. ஆயினும் ஈயச் சுரங்கங்களால் வளம்பெற்ற ராஜா ஜுமாட் 1847இல் லுக்குட் குன்றின்மேல் கட்டிய கோட்டையின் எச்சங்களும் அகழியும் இன்றும் காணக் கிடக்கின்றன. அடிவாரத்தில் அருங்காட்சியகம் உள்ளது.

மலாயில் அதன் பெயர் 'கோத்தா லுக்குட்'. கோத்தா நம் கோட்டையோடு உறவுடைய சொல். அரணைக் குறித்தது, இன்று நகரத்தையும் குறிக்கிறது. அதனினும் வியப்புக்குரியது கிடங்கு. பழந்தமிழில் அது கோட்டையைச் சூழ்ந்த அகழி. பின்னர்ப் பண்டசாலை ஆயிற்று. மலாயின் 'குடாங்' இதிலிருந்தே பிறந்தது என்பர் பலர். லுக்குட் அகழியோரம் நின்று ஆசிரியர் இதனைக் கூறினால், அகராதியைப் புரட்டாமலே மாணவர்க்கு விளங்கிவிடும்.

ஸ்ரீ மெனாந்தியின் மர அரண்மனை, இரும்பாணியின்றி 99 தூண்களின்மீது 1902 முதல் 1908 வரை எழுப்பப்பட்டது. 1931 வரை அரச இல்லமாக விளங்கி, 1992இல் அருங்காட்சியகமாயிற்று. அது எழுந்த அதே ஆண்டுகளில்தான் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் பெருந்திரளாக வந்தனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தது.

அவர்கள் வாழ்ந்த லயங்களை வரலாற்றுக் கட்டடங்கள் என்று எவரும் எண்ணியதில்லை. ஆயினும் அவையும் பயன் மாறின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இதற்கெனப் பல தோட்டங்களில் புதுக் கட்டடம் எழவில்லை. லய அறையோ ஆயாக் கொட்டகையோ வகுப்பறையாயிற்று. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் அடித்தளம் அதுதான்.

அரண்மனை நின்றது, லயம் நிற்கவில்லை. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. பள்ளிகள் சில இடம்பெயர்ந்தன. பெயரில் மட்டும் 'லாடாங்' தங்கியது. காடு திருத்திப் பயிரிடும் மேட்டுநிலத்தைக் குறித்த அம்மலாய்ச் சொல், பின்னர்ப் பெருந்தோட்டத்தைக் குறித்தது; இன்று தோட்டமே இல்லாத இடத்திலும் பள்ளிப் பலகையில் நிற்கிறது. பழைய பெயர் எதற்கு, நீக்கிவிடலாமே என்போர் உளர். நாம் அதற்கு உடன்படோம். எந்த லயத்தின் எந்த அறையில் முதல் வகுப்பு நடந்தது என்று சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். மாணவர்கள் இவ்வாண்டே அவர்களிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும்.