ஈய டாக்சிகள்

எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில், பார்க்கிங்கில் ஒரு சார்ஜிங் பாயின்ட் வேண்டும் என்று கேட்டேன். “டெக்னாலஜி இன்னும் வளரட்டும் தம்பி” என்றார் செயலாளர். அந்த டெக்னாலஜிக்கு அவருடைய தாத்தாவின் வயது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

1900இல் அமெரிக்காவில் தயாரான மோட்டார் வண்டிகள் 4,192. அவற்றில் நீராவி வண்டிகள் 1,681, மின்சார வண்டிகள் 1,575. பெட்ரோல் வெறும் 936தான். சத்தம், நாற்றம், கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பும் தொல்லை எல்லாம் பெட்ரோல் வண்டிக்குத்தான்.

பிலடெல்பியாவின் ஹென்றி மோரிஸும் பெட்ரோ சலோமும் 1894இல் ‘எலக்ட்ரோபேட்’ என்ற மின்சார வண்டியைச் செய்தார்கள். 1897இல் நியூயார்க்கில் டாக்சி ஓட்டத் தொடங்கினார்கள். எனக்கு அந்த வண்டியைவிட அதன் கொட்டகைதான் ஆச்சரியம். ஈய பாட்டரி ஐந்நூறு கிலோவுக்கு மேல். சார்ஜ் ஏற மணிக்கணக்காகும். அதுவரை டாக்சி சும்மா நின்றால் வருமானம் ஏது? அதனால் வண்டி கொட்டகைக்குள் வந்ததும், தீர்ந்த பாட்டரியை இயந்திரத்தால் வெளியே எடுத்து, சார்ஜ் ஏறிய இன்னொன்றை உள்ளே வைத்தார்கள். சில நிமிஷம், அவ்வளவுதான். இன்று ஸ்டார்ட்-அப்காரர்கள் ‘பாட்டரி ஸ்வாப்பிங்’ என்று ஸ்லைடு போட்டுக் காட்டுவது இதைத்தான். அவர்கள் விற்றது வண்டியை அல்ல, சவாரியை. பாட்டரியைப் பற்றிய கவலை பயணிக்கு இல்லவே இல்லை.

1899இல் டிராம் முதலாளி வில்லியம் விட்னியின் பணம் உள்ளே வந்தது. ‘எலக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி’ ஊர் ஊராகக் கிளை பரப்பியது, ஆயிரக்கணக்கில் டாக்சி என்று கனவு கண்டது. ஈய பாட்டரியோ குழந்தை மாதிரி. ஒட்டச் சுரண்டிப் பயன்படுத்தினால் தகடு கெடும், குலுங்கினால் பூச்சு உதிரும். அதைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் கிளைகளில் போதவில்லை. ஸ்கேல் பண்ணும் அவசரத்தில் மெயின்டனன்ஸை மறப்பது எங்கள் தொழிலில் வாராவாரம் நடக்கிற கதைதான். கம்பெனியின் கடன் விவகாரம் பத்திரிகையில் நாறியது. ‘ஈய டாக்சி’ என்பது கேலிப்பெயரானது. கிளைகள் மூடின. 1907இல் திவால்.

நடுவே ஒரு கூத்து. பெட்ரோல் காருக்கான செல்டன் பேட்டன்ட் இந்தக் கம்பெனியிடம்தான் இருந்தது. டாக்சி படுத்த பிறகு, பெட்ரோல் கார் தயாரிப்பாளர்கள் கட்டிய ராயல்டியில் பங்கு வாங்கிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் வண்டியின் கைப்பிடித் தொல்லையும் 1912 மாடல் காடிலாக்கில் ஒழிந்தது. சார்ல்ஸ் கெட்டரிங் அதற்கு ஒரு ஸ்டார்ட்டர் செய்து கொடுத்தார். ஒரு மின்மோட்டார், கூடவே ஓர் ஈய பாட்டரி.