லாப்ரடாரின் பசி

பெயரை நம்பி லாப்ரடார் நாயின் பூர்வீகத்தைத் தேடினால் தவறான கரையில் போய் இறங்குவோம். அதன் மூதாதையர் லாப்ரடாருக்குத் தெற்கே, அட்லாண்டிக் கடலிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவைச் சேர்ந்தவர்கள். காட் மீன் பிடிப்போருடன் வாழ்ந்த அந்த இனத்தைச் செயின்ட் ஜான்ஸ் நாய் என்றனர். தூண்டிலிலிருந்து நழுவிய மீனை உறைகுளிர் நீரில் பாய்ந்து கவ்வி வருவதும், கயிற்றை இழுத்துக் கரை சேர்ப்பதும் அதன் அன்றாட வேலை. குட்டையான அடர்மயிர் அவ்வாழ்வுக்கென்றே வாய்த்தது.

மீன் ஏற்றிய கப்பல்களில் இந்நாய்களும் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தை அடைந்தன. அருகே வாழ்ந்த மால்ம்ஸ்பரி பிரபுக்கள் அவற்றை வாத்து வேட்டைக்குப் பழக்கினர். 1880களில் அக்குடும்பத்தின் மூன்றாம் பிரபு, ஸ்காட்லாந்தின் பக்ளூ கோமகனுக்குச் சில நாய்களை அளித்தார். இன்றைய இனம் பெரும்பாலும் அவற்றின் வழி வந்தது. 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதை அங்கீகரித்தது. தாய்மண்ணிலோ ஆடுகளைக் காக்கவென நாய்களுக்கு வரியும் கட்டுப்பாடும் வந்தன. செயின்ட் ஜான்ஸ் நாய் சென்ற நூற்றாண்டு முடியுமுன் அற்றே போயிற்று. பிரபுக்களின் வேட்டைமோகத்தில் நமக்கு அபிமானம் ஏதுமில்லை. எனினும் அந்த வழித்தோன்றலைக் காத்தது அதுதான்.

வீழ்ந்த பறவையைப் பல் பதியாமல் ஏந்தி வரும் மென்மையான வாய், மனிதர் சொல்லுக்குக் காத்திருக்கும் இயல்பு: இக்குணங்களே பின்னாளில் அதைப் பார்வையற்றோரின் வழித்துணையாக்கின. காவலுக்கென வாங்குவோர் ஏமாறலாம். திருடனையும் வாலாட்டி வரவேற்கக் கூடும்.

தீராப் பசியும் பலவற்றுக்கு உடன்பிறந்ததே. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தபடி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, உண்டது போதும் என்று மூளைக்கு உணர்த்துவதில் பங்குகொள்ளும் மரபணு ஒன்று சிதைந்துள்ளது. அத்தகைய நாய்கள் ஓய்வில் ஏறக்குறைய 25 சதவீதம் குறைவான ஆற்றலையே செலவிடுகின்றன என்று 2024இல் தெரியவந்தது. சாப்பாட்டு ராமன் என்று நாம் செல்லமாக வைவது பெரும்பாலும் இந்தக் குறையைத்தான்.

2002இல் வெளியான வேறோர் ஆய்வில், 48 லாப்ரடார்களில் பாதிக்கு, உடன்பிறந்தவற்றைவிட 25 சதவீதம் குறைவாக உணவளித்திருந்தனர். அவை ஏறத்தாழ இரண்டாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுநோயும் தாமதமாகவே வந்தது. பன்னிரண்டு ஆண்டு வாழும் உயிருக்கு இரண்டாண்டு எவ்வளவு!

மிஞ்சிய சோற்றையும் பிஸ்கட்டையும் அன்பென்று ஊட்டியவர்களே நாங்களும். எட்டு வயதில் எங்கள் கறுப்பன் மாடிப்படி ஏறமாட்டாமல் நின்றான். மருத்துவர் எங்கள் கையைப் பிடித்து அவன் விலாவில் வைத்தார், எலும்பே தட்டுப்படவில்லை. அன்றுமுதல் உணவை அளந்து வைத்தோம். மூட்டு நோகாதிருக்கக் குளத்தில் நீந்தவிட்டோம். கரையேறியதும் சீழ் பிடிக்காதவாறு காதுகளைத் துடைத்து உலர்த்தினோம். மூன்று மாதத்தில் படியேறினான். அளவுக் கிண்ணத்தை மட்டும், காலியான பின்னும் வெகுநேரம் நக்கிக்கொண்டிருப்பான்.