கழிவுநீர் சுத்திகரிப்பில் அரசு–தனியார் கூட்டாண்மை: மரணத்திற்குப் பொறுப்பு யார்?

உத்தராகண்ட் மாநிலம் சமோலியில், அலக்நந்தா ஆற்றங்கரையிலுள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 2023 ஜூலை 19 அன்று மின்சாரம் பாய்ந்து 16 பேர் உயிரிழந்தனர். அங்கு பணிபுரிந்த ஒருவர் இறந்துகிடந்த செய்தியறிந்து கூடியவர்களும் அதில் பலியாயினர். 'நமாமி கங்கே' திட்டத்தில் கட்டப்பட்ட அந்நிலையத்தை இயக்கும் பணி தனியாரிடம் விடப்பட்டிருந்தது. இத்தகைய நிலையங்களில் ஓர் உயிர் போனால் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? விடையை ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் நாம் தேடியாக வேண்டும்.

கூட்டாண்மை இயங்கும் விதம்

கங்கைக் கரை நகரங்களுக்கென ஒன்றிய அமைச்சரவை 2016 ஜனவரியில் கலப்பு ஆண்டுத்தொகை முறைக்கு ஒப்புதல் அளித்தது. இதன்படி, நிலையத்தின் கட்டுமானச் செலவில் 40 விழுக்காட்டை அரசு கட்டுமானக் காலத்திலேயே வழங்குகிறது. எஞ்சிய 60 விழுக்காட்டை நிறுவனம் முதலீடு செய்து, 15 ஆண்டுகளில் தவணைகளாகத் திரும்பப் பெறுகிறது. இயக்கத்திற்கும் பராமரிப்பிற்கும் தனிக் கட்டணம் உண்டு. வாரணாசியின் ரம்னா (நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர்), ஹரித்வாரின் ஜக்ஜீத்பூர் (6.8 கோடி லிட்டர்) ஆகியவை இம்முறையில் முதலில் ஒப்பந்தமான நிலையங்களுள் அடங்கும்.

கட்டணம் செயல்திறனோடு பிணைக்கப்பட்டுள்ளது. வெளியேறும் நீரின் தரம் குறைந்தால் தொகை பிடிக்கப்படும். கட்டி முடித்த நிலையங்கள் இயங்காமல் கிடந்த பழைய அவலத்திற்கு இது ஒரு மாற்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கு அளக்கப்படுவது நீர். தொழிலாளியின் பாதுகாப்பு அன்று. பாதுகாப்பு குறித்த பொது விதிகள் ஒப்பந்தத்தில் இடம்பெறலாம். வருவாயைத் தீர்மானிப்பவை நீரின் அளவீடுகளே. எனவே பம்பு நின்றால் நிறுவனத்திற்கு இழப்பு. அதை உடனே இயக்க ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால் இழப்பில்லை.

இயந்திரம் நிற்கும் இடம்

துணியும் நெகிழியும் சல்லடையை அடைக்கும்போதும், சேகரிப்புக் கிணற்றில் பம்பு சிக்கும்போதும், கசடுத் தொட்டியைத் தூர்வாரும்போதும் மனிதர் இறக்கப்படுகின்றனர். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, செறிவு கூடும்போது முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குபவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற இறங்குபவரும் மடிகிறார்.

இறங்குபவர் யார் என்பதும் தற்செயல் அன்று. கையால் மலம் அள்ளுவோராக அடையாளம் காணப்பட்டு, சாதி விவரம் பதிவான 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று ஒன்றிய அரசே 2021இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நகராட்சிப் பணியில் இருந்த இடஒதுக்கீடும் ஓய்வூதியமும் தனியார் நிறுவனத்தில் இல்லை. துணை ஒப்பந்தங்களின் கடைசிக் கண்ணியில் சாதி மட்டும் எஞ்சுகிறது.

சட்டம் சொல்வது

கையால் மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013இன் பிரிவு 7, நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரையும் அபாயகரமான துப்புரவில் ஈடுபடுத்தக்கூடாது என்கிறது. இத்தடை உள்ளாட்சி அமைப்புக்கும் ஒப்பந்ததாரர் உள்ளிட்ட முகமைக்கும் ஒருசேரப் பொருந்தும். பிரிவு 9இன்படி முதல் குற்றத்திற்கு 2 ஆண்டுவரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றம் பிணையில் வர இயலாதது.

பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று மலக்குழி மரணத்திற்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஒப்பந்தப் பணியில் மரணம் நேர்ந்தால் ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்து, பணப் பொறுப்பையும் சுமத்தும் வழிமுறையை அரசுகள் உருவாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

ஓர் இடைவெளியையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பிரிவு 7 பேசுவது பாதாளச் சாக்கடையையும் மலக்குழித் தொட்டியையும். சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிகளை அது தனியே பெயர் சொல்லவில்லை. நிறுவனங்கள் இதைக் கேடயமாக்கலாம். மலம் கலந்த நீர் வந்து தேங்கும் கிணறு பாதாளச் சாக்கடையின் தொடர்ச்சியே என்றும், சட்டத்தின் நோக்கம் மனித உயிரைக் காப்பதே என்றும் நாம் வாதிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

நம் நகரத்து நிலையத்தின் ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறுவோம். துணை ஒப்பந்ததாரர் யார், நச்சுவாயு அளவி உண்டா, மரணம் நேர்ந்தால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற விதி உண்டா எனப் பார்ப்போம். மரணம் நிகழ்ந்தால், முதல் தகவல் அறிக்கை கவனக்குறைவு என்ற பிரிவோடு நின்றுவிடாமல், 2013ஆம் ஆண்டுச் சட்டமும், பொருந்துமிடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட வலியுறுத்துவோம். மேற்பார்வையாளரோடு நிறுவன இயக்குநரும் நகராட்சி அதிகாரியும் அதில் இடம்பெற வேண்டும்.

கூட்டாண்மையில் செலவையும் இலாபத்தையும் அரசும் நிறுவனமும் பகிர்ந்துகொள்கின்றன. மரணத்திற்கான பொறுப்பையும் அவை இரண்டுமே ஏற்க வேண்டும்.