தேநீர்ப் பெயர்களில் ஒரு கடல் வரலாறு

வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த பரங்கிப்பேட்டைக்குப் பெயர்கள் பல. ஐரோப்பியர் அதனைப் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத்துறை என்றனர். முஸ்லிம்களின் வழக்கில் அது மஹ்மூது பந்தர். 'பரங்கி' என்பதோ போர்த்துகீசியரைச் சுட்டிய சொல். ஓர் ஊரின் பெயர்கள் அதன் துறையில் வந்து இறங்கியவர்களை நினைவூட்டுவது போலவே, ஒரு பானத்தின் பெயர்களும் அதனைக் காய்ச்சியவர்களும் பருகியவர்களும் நடந்த வழியைக் காட்டக்கூடும். தேநீர் அத்தகையதொரு பானம்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் இத்துறையிலிருந்து புறப்பட்ட மரக்காயர் கப்பல்கள் சோழமண்டலத் துணிகளை ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா, மலாக்கா ஆகிய இடங்களுக்குச் சென்றன. வெள்ளீயமும் பாக்கும் யானைகளும் ஏற்றித் திரும்பின. டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் ஆவணங்களில் இவ்வணிகம் பதிவாகியுள்ளது. சின்னப்பா அரசரத்தினம் போன்ற வரலாற்றாசிரியர்கள் அவற்றின் துணைகொண்டே 'சூலியா' வணிகரின் வரலாற்றை எழுதினர். எனினும், அவ்வாவணங்களில் பெயரோடு நிற்பவர்கள் பெரும்பாலும் கப்பல் உடையவர்களும் சரக்கு உடையவர்களுமே. அதே கப்பல்களின் மேல்தளத்தில் பிழைப்புத் தேடிச் சென்ற எளியவர்களின் வரலாற்றை எங்கே தேடுவது? அவர்களுடைய வழித்தோன்றல்கள் அக்கரைச் சீமைகளில் ஆற்றிக் கொடுத்த தேநீரும் ஒரு சான்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அரபு வணிகர் கண்ட இலை

தேயிலையைப் பற்றிய முஸ்லிம் உலகின் அறிவு பழமையானது. ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) அரபு மொழியில் எழுதப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் நூல், சுலைமான் என்ற வணிகரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. சீன நாட்டு மன்னருக்கே உரிய வருவாய்களுள் உப்பும் ஓர் இலையும் அடங்கும் என்று அந்நூல் குறிக்கிறது. அவ்விலை நகரந்தோறும் நல்ல விலைக்கு விற்கப்படுவதையும், சிறிது நறுமணமும் கசப்பும் உடையதாய் இருப்பதையும், கொதிநீரை அதன்மேல் ஊற்றிப் பருகுவதையும் அது கூறுகிறது. கிழக்காசியாவுக்கு வெளியே தேயிலையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று. பாலின்றி எலுமிச்சையும் ஏலமும் சேர்த்து மலபாரில் அருந்தப்படும் 'சுலைமானி'யை இவ்வணிகரோடு முடிச்சுப் போடத் தோன்றலாம். பெயர் ஒற்றுமை மட்டும் வரலாறு ஆகிவிடாது.

ஒரே இலைக்கு இரு சொற்கள்

உலக மொழிகள் பலவற்றில் இவ்விலைக்கு வழங்கும் பெயர்கள் இரு குடும்பங்களில் அடங்கும். இரண்டுக்கும் மூலம் சீனமே. நிலவழியே மேற்கு நோக்கிப் பரவியது 'சா' என்னும் வடிவம். பாரசீகத்தில் 'சாய்' என்றும் அரபியில் 'ஷாய்' என்றும் ஆயிற்று. மக்காவில் தங்கி வணிகம் செய்த போர்த்துகீசியரும் 'சா' என்றே வழங்கினர். (இது சீனக் கரையிலுள்ள மக்காவ் துறை, புனித மக்கா அன்று.) ஃபுஜியன் கரையின் ஹொக்கியன் பேச்சில் வழங்கிய 'தே' என்னும் வடிவமோ கடல்வழியே பரவியது. மலாய் மொழி அதனை ஏற்றது. டச்சுக்காரர் அதனை மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர்.

தமிழில் இரண்டும் உள்ளன. தேயிலை, தேநீர், இலங்கைத் தமிழரின் தேத்தண்ணி ஆகியன கடல்வழிச் சொல்லின் கிளைகள். சாயா மற்றக் குடும்பத்தைச் சேர்ந்தது. போர்த்துகீசியரின் பெயரையே தாங்கி நிற்கும் பரங்கிப்பேட்டையிலும் எழுத்துத் தமிழில் வழங்குவது அவர்களுடைய 'சா' அன்று. ஹொக்கியன் மாலுமிகளின் 'தே' தான்.

பினாங்கும் பரங்கிப்பேட்டையும்

1786இல் ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் குடியேற்றம் அமைத்தபோது, சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் தொடக்கத்திலேயே அங்குச் சென்று சேர்ந்தனர். அவர்களின் தலைவராக விளங்கிய காதிர் முகைதீன் மரக்காயர் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர். 'கப்பித்தான் கிளிங்' என்னும் அவருடைய பதவிப் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல், 1801இல் வழங்கப்பட்ட நிலத்தில் எழுந்து இன்றும் ஜார்ஜ் டவுன் நகரில் நிற்கிறது. 1794இல் பிரான்சிஸ் லைட் எழுதிய குறிப்பின்படி, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை இக்கரைக் கப்பல்களில் பினாங்கு வந்து, வணிகத்தாலும் உழைப்பாலும் சிறிது பொருள் ஈட்டித் திரும்பினர். அவர்களின் இடத்துக்கு வேறு சிலர் வந்தனர். தலைவரின் பெயர் பள்ளிவாசலில் நிலைத்தது. அந்த இரண்டாயிரவரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இவ்வோட்டம் பல கிளைகளாக விரிந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து மட்டுமன்றிக் கடையநல்லூர், தென்காசி போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்தும் தமிழ் முஸ்லிம்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். அவர்களுள் பலர் காவடித் தண்டிலும் சிறு தள்ளுவண்டியிலும் கடை நடத்தினர். சிங்கப்பூரில் இஞ்சிப் பானம் விற்ற கடை 'சரபத் கடை' எனப்பட்டது; அரபு, பாரசீகச் சொல்லின் மரூஉ அது. மலேசியாவில் 'மாமாக் கடை' என்றனர். நம் 'மாமா' என்னும் உறவுச் சொல்லே இது என்பர். மரியாதையாகத் தொடங்கிய அச்சொல் சில வாய்களில் இழிவுக் குறிப்பாகவும் ஒலித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்க்கு விற்ற கடைகளில் பிறந்தது 'தே தாரிக்' என்பர். தாரிக் என்றால் மலாயில் இழுத்தல். மலிவான தேயிலைத் தூளின் கடுஞ்சாற்றில் டப்பாப் பாலைக் கலந்து, இரு குவளைகளுக்கிடையே கை நீளத்துக்கு ஆற்றினால் பாலும் சாறும் ஒன்றாகும், சூடு தணியும், நுரை எழும், தூளின் கடுமையும் மட்டுப்படும். நம் ஊர் டீ மாஸ்டர் நாள்தோறும் செய்யும் ஆற்றுதலே அங்கு வேறு பெயர் பெற்றது.

அக்கடைகளில் வழங்கும் மற்றப் பெயர்களையும் நோக்குக. பாலில்லாத தேநீர் 'தே ஓ'. 'ஓ' என்பது கறுப்பைக் குறிக்கும் ஹொக்கியன் சொல். சர்க்கரையும் வேண்டாமெனில் 'கோசோங்'; வெறுமை என்னும் மலாய்ச் சொல். இஞ்சி சேர்த்தால் 'தே ஹாலியா'. சீனமும் மலாயும் அரபியும் ஒரு பலகையின்மேல் கூடின. கூட்டியது தமிழ் முஸ்லிமின் கை. ரொட்டி சானாய், நாசி லெமாக் ஆகியவற்றோடு தே தாரிக்கும் இடம்பெறும் மலேசியக் காலை உணவு மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வளைகுடாவிலும் இதே கதைதான். தெற்காசியத் தொழிலாளர் கொண்டு சென்ற 'கடக்' சாய் (கடுமையான தேநீர்) அங்குக் 'கரக்' ஆகிக் கத்தாரிலும் அமீரகத்திலும் எல்லாருக்கும் உரியதாயிற்று.

யாருடைய பானம்?

தமிழகத்தில் காப்பி நடுத்தர வகுப்பின், குறிப்பாகப் பிராமணரின் அடையாளமாக எவ்வாறு ஆயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். தேநீர் உழைப்பாளிக்கு உரியதென ஒதுக்கப்பட்டது. வரலாறோ இப்பாகுபாட்டைத் தலைகீழாக்குகிறது. காப்பி, 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ருக்காக விழித்திருக்கப் பருகிய கஹ்வா. ஏழு விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தவர் பாபா புதன் என்பது மரபு. இந்தியாவில் தேநீர்ப் பழக்கம் பரவியதில், 1903ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டத்தால் கிடைத்த பணத்தைக் கொண்டு தோட்ட முதலாளிகள் நடத்திய விளம்பரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பிறப்பால் எந்தப் பானமும் எந்தச் சமூகத்துக்கும் உரியதன்று. எனவே தே தாரிக்கையும் 'நம்முடையது' என்று உரிமை கொண்டாட வேண்டியதில்லை. அதனை ஆற்றிய கைகளை அறிந்துகொள்வதே நம் கடமை.

பரங்கிப்பேட்டையிலும் அதுபோன்ற ஊர்களிலும் சிங்கப்பூர்க் கடையில் நின்ற கால்களோடு திரும்பிய முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். எந்தத் தெருவில் கடை, யாரிடம் தூள் வாங்கினர், ஊருக்கு எவ்வளவு பணம் அனுப்பினர், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பிள்ளைகளின் முகம் பார்த்தனர் என்பன கம்பெனி ஆவணங்களில் கிடைப்பவையல்ல. அஸர் தொழுகைக்குப் பின் அவர்களோடு அமர்ந்து ஒரு குவளைத் தேநீர் அருந்தும் நேரத்தில் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.