“குழந்தைக் கொலையை நிறுத்து”: நெதர்லாந்தின் தெருப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு சொல்

ஆய்வுச்சுருக்கம்
நெதர்லாந்தின் நகரத் தெருக்கள் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் பாதுகாப்பானவையாக அமைந்தமைக்கு அந்நாட்டின் சமதள நிலத்தையும் மரபையும் காரணமாகக் காட்டுவது வழக்கம். 1970களில், தெருவில் நிகழும் சாவுக்கு என்ன பெயரிடுவது என்பது குறித்து எழுந்த பூசலே அம்மாற்றத்திற்கு வழிதிறந்தது என்பதையும், அப்பூசல் தெருவமைப்பிலும் சட்டத்திலும் விட்டுச்சென்ற தடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நடப்போர், மிதிவண்டி, விபத்து, நெதர்லாந்து, வோனெர்ஃப், பொறுப்பு

சரிந்துவந்த மரபு

மிதிவண்டி நெதர்லாந்தினரின் குருதியில் ஊறியது என்னும் கூற்று பயண நூல்களோடு நின்றுவிடுவதில்லை. நகரத் திட்டமிடல் குறித்த எழுத்துகளிலும் அது இடம்பெறுகிறது. ஆயின் 1950களுக்கும் 1970களின் நடுப்பகுதிக்கும் இடையில் அந்நாட்டு நகரங்களில் மிதிவண்டிப் பயணம் பெருமளவு சரிந்தது. நிலம் அப்போதும் சமதளமாகவே இருந்தது. 1960இல் ஏறத்தாழ 5 இலட்சமாக இருந்த மகிழுந்துகளின் எண்ணிக்கை 1970இல் 20 இலட்சத்தைத் தாண்டியது. 1967இல் ஆம்ஸ்டர்டாமுக்கென டேவிட் யோகினென் என்னும் அமெரிக்கர் வகுத்த திட்டம், நகரின் கால்வாய் ஒன்றைத் தூர்த்து ஆறுவழிச் சாலையாக்கப் பரிந்துரைத்தது. அத்திட்டம் நிறைவேறவில்லை எனினும் அக்காலத்தின் மனப்போக்கை அது காட்டுகிறது. 1883இல் மிதிவண்டியோட்டிகளின் சங்கமாகத் தோன்றிய ஏ.என்.டபிள்யூ.பி. அமைப்பும் இதற்குள் மகிழுந்து உரிமையாளர்களின் குரலாக மாறியிருந்தது.

1972இல் அந்நாட்டுச் சாலைகளில் 3,264 பேர் இறந்தனர், அதுவே உச்சம். அதற்கு முந்தைய ஆண்டில் இறந்தோருள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர். இதற்கு அதுவரை அளிக்கப்பட்ட மறுமொழி பெரும்பாலும் கல்வி சார்ந்தது. 1932இல் தோன்றிய சாலைப் பாதுகாப்பு ஒன்றியம் பள்ளிகளில் போக்குவரத்து விதிகளைக் கற்பிப்பதில் முனைந்தது. மாணவர்களுக்குத் தேர்வும் நடந்தது. சாலைக்கு ஏற்பக் குழந்தையைப் பழக்குவதே இம்முயற்சியின் அடிப்படை. குழந்தை இறந்தால் அது கற்றது போதவில்லை என்னும் முடிவு, எவரும் வெளிப்படச் சொல்லாவிடினும், இதனுள் அடங்கியிருந்தது.

பெயரிடுதல்

டச்சு மொழியில் விபத்தைக் குறிக்கும் ‘ஒன்கெலுக்’ என்னும் சொல்லின் நேர்ப்பொருள் நற்பேறின்மை என்பதாகும். தமிழில் வழங்கும் ‘விபத்து’ என்பதும் இடர், கேடு எனப் பொருள்படும் வடசொல்லினின்று வந்ததே. இரண்டிலும் செய்தவன் இல்லை. நேர்ந்தது மட்டுமே உண்டு. இவ்வகைச் சொல்லாட்சி நிலைபெற்ற இடத்தில், சாலையை அமைத்தவரை நோக்கிக் கேள்வி எழுப்புவது இலக்கணப் பிழை போலவே தோன்றும்.

இதழாளர் விக் லாங்கன்ஹோஃபின் ஆறு வயது மகள் 1971இல் பள்ளிக்குச் செல்லும் வழியில் மகிழுந்து மோதி இறந்தாள். 1972 செப்டம்பரில் தாம் பணியாற்றிய ‘டெ டைட்’ நாளேட்டில் அவர் எழுதிய கட்டுரை, சிறுவர் சாவுகளைக் ‘கின்டர்மோர்ட்’ எனப் பெயரிட்டது. குழந்தைக் கொலை என்பது அதன் பொருள். அக்கட்டுரை அரசை வற்புறுத்தும் பெற்றோர் அமைப்பு ஒன்று வேண்டும் என்றது. அவ்வாறு உருவான அமைப்பும் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்னும் பெயரையே தாங்கியது.

அச்சொல்லை வெறும் சினத்தின் வெளிப்பாடாகக் கொள்வது போதாது. ஏரோது மன்னன் பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்வித்ததாக விவிலியம் கூறும் நிகழ்ச்சிக்கு டச்சு மொழியில் வழங்கும் பெயரும் கின்டர்மோர்ட் என்பதே. ‘டெ டைட்’ கத்தோலிக்க மரபில் வளர்ந்த நாளேடு. அதன் வாசகருக்கு இவ்வெதிரொலி கேட்காமல் இருந்திருக்க இயலாது. பெத்லகேமில் வாளேந்தியவர்கள் வீரர்கள். குற்றம் ஆணையிட்ட அரசனுடையது. இவ்வொப்புமையைத் தொடர்ந்து சென்றால் குற்றம் சாட்டப்படுபவர் ஓட்டுநர் மட்டுமல்லர், சாலைகளைத் திட்டமிட்டு அமைத்த அரசும் ஆவது விளங்கும். இயக்கத்தின் பிற்காலக் கோரிக்கைகள் ஓட்டுநரைத் தண்டிப்பதைவிடத் தெருவை மாற்றுவதையே மிகுதியும் வலியுறுத்தியமை இவ்விளக்கத்திற்கு வலுச்சேர்க்கிறது.

அமைப்பின் முதல் தலைவரான மார்த்யே வான் பூத்தன் பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். சாவுகள் மிகுந்த இடங்களில் கூடுதல், தெருக்களை அடைத்துக் குழந்தைகளை விளையாடவிடுதல், தலைமையமைச்சர் யோப் டென் ஆய்லின் இல்லத்தின் முன் பாடல் பாடி முறையிடுதல் என அவர்களின் முறைகள் மென்மையானவை. பெயர் மட்டுமே கடுமையானது. அப்பெயரோடு இருந்த அமைப்புக்கு அரசே பின்னர் மானியம் வழங்கியது. 1975இல் மிதிவண்டியோட்டிகள் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். ‘முதலாவதும் ஒரேயொன்றும் உண்மையானதுமான’ மிதிவண்டிச் சங்கம் எனத் தன்னை அது அழைத்துக்கொண்டது ஏ.என்.டபிள்யூ.பி.யைக் குத்திக்காட்டவே, மூத்த அமைப்பு வழக்குத் தொடுக்க, பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

1973இன் எண்ணெய் நெருக்கடியே அனைத்திற்கும் காரணம் என்பாரும் உளர். அவ்வாண்டு நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்து ஓட்டம் தடைசெய்யப்பட்டது. வெறுமையான நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தனர், மிதிவண்டி ஓட்டினர். ஆயின் லாங்கன்ஹோஃபின் கட்டுரை அதற்கு ஓராண்டுக்கு மேல் முந்தியது. எண்ணெய் நெருக்கடியை எதிர்கொண்ட பிற ஐரோப்பிய நாடுகள் பல, அது தணிந்ததும் பழைய வழிக்கே திரும்பின. நெருக்கடி வாய்ப்பளித்தது, கோரிக்கை அதற்கு முன்பே வடிவம் பெற்றிருந்தது.

தெருவில் நிகழ்ந்த மாற்றம்

‘வோனெர்ஃப்’ என்னும் தெருவமைப்பு இவ்வியக்கத்தின் விளைவு எனப் பொதுவாகச் சொல்லப்படுவது காலவரிசைக்குப் பொருந்தாது. டெல்ஃப்ட் நகரில் இதற்கான சோதனைகள் 1960களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. ‘வோன்’ குடியிருத்தலையும் ‘எர்ஃப்’ முற்றத்தையும் குறிக்கும். குடியிருப்பு முற்றம் எனத் தமிழாக்கலாம். நடைமேடைக்கும் ஊர்தித்தடத்திற்கும் இடையிலான உயரவேறுபாடு நீக்கப்பட்டது. மரங்களும் இருக்கைகளும் வளைவுகளும் ஊர்தியை மெதுவாக்கின. இயக்கம் அளித்தது அரசியல் வலு: 1976இல் இவ்வமைப்புக்குச் சட்டத் தகுதி கிடைத்தது. அத்தகைய தெருவின் முழு அகலமும் நடப்போருக்கு உரியது; ஊர்தி நடைவேகத்தைத் தாண்டலாகாது. எனினும் ஒவ்வொரு தெருவையும் தோண்டி அமைப்பது செலவு மிக்கது. 1980களில் 30 கி.மீ. வேகவரம்புப் பகுதிகள் பரவியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மிதிவண்டித் தடங்களின் வரலாறும் நேர்கோட்டில் செல்லவில்லை. 1970களின் நடுவில் அரசு, ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் முன்மாதிரித் தடங்களை அமைத்தது. ஹேக்கில் ஊர்தி நிறுத்துமிடங்களை இழந்த வணிகர்கள் எதிர்த்தனர். தடங்கள் பயன்பட்டன, ஆனால் சிறந்த தடம் ஒன்று மட்டும் நகரின் பயண வழக்கத்தை மாற்றிவிடவில்லை. இக்குறையிலிருந்து கற்ற டெல்ஃப்ட், 1980களில் நகர் முழுவதையும் இணைக்கும் வலைப்பின்னலைக் கட்டியது. இன்று உலக நகரங்கள் பலவும் ஒற்றை முன்மாதிரித் தெருவைத் திறந்துவைத்து நிறைவுகொள்வதைக் காணும்போது, இத்தோல்வி போதிய அளவு படிக்கப்படவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

சட்டத்தில் பொறுப்பு

ஊர்தி உரிமையாளரின் இழப்பீட்டுப் பொறுப்பு இயக்கத்திற்கு முற்பட்டது. 1935ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே அது உண்டு. 1990களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதை விரித்துரைத்தது. மோதுண்டவர் 14 வயதுக்கு உட்பட்ட நடப்பவராகவோ மிதிவண்டி ஓட்டுபவராகவோ இருப்பின், வேண்டுமென்றே செய்ததோ அதற்கு நிகரான துணிச்செயலோ அல்லாதவரை, முழு இழப்பீடும் ஊர்தித் தரப்பினுடையது. மூத்தோர் தாமே தவறியிருப்பினும் குறைந்தது பாதி இழப்பீடு பெறுவர். இப்பொறுப்பு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் தொடர்கிறது. ஓட்டுநர் எப்போதும் குற்றவாளி எனக் கருதப்படுவதாக அயல்நாட்டு எழுத்துகளில் வரும் விளக்கம் பிழையானது. இது இழப்பீடு பற்றிய உரிமையியல் விதி, குற்றவியல் விதியன்று. ஆயினும் குழந்தையின் கவனக்குறைவு எதிர்பார்க்கத்தக்கதே என்றும், அதன் விலையைக் குழந்தை ஏற்கலாகாது என்றும் நீதிமன்றம் கொண்ட நிலை, பழைய பள்ளித் தேர்வின் நிலைப்பாட்டுக்கு நேர் எதிரானது.

2017இல் நெதர்லாந்துச் சாலைகளில் 206 மிதிவண்டியோட்டிகளும், மகிழுந்தில் சென்ற 201 பேரும் இறந்தனர். மிதிவண்டியில் இறந்தோருள் முதியோர் மிகுதி. மின்மிதிவண்டியில் சென்றோரும், எந்த ஊர்தியும் மோதாமலே விழுந்து இறந்தோரும் அவர்களுள் உண்டு. மோதிய ஊர்தி இல்லாத இடத்தில் 185ஆம் பிரிவு பேசுவதில்லை. 1972இல் சிறுவர்க்கு வாய்த்தது போன்ற ஒரு பெயர் இச்சாவுகளுக்கு இன்னும் அமையவில்லை. அவை ‘ஒன்கெலுக்’ என்றே வழங்குகின்றன.