பாஸ்டன் இரசிகர்களும் ஒரு சாபக் கதையும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் 1918இல் வாகை சூடியது. அடுத்த வாகைக்கு 2004 வரை, 86 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அதே நகரத்துக் கூடைப்பந்து அணியான செல்டிக்ஸ் 1956-57 முதல் 1968-69 வரையிலான 13 பருவங்களில் 11 முறை வாகை சூடியது. அவற்றுள் எட்டு, 1959 முதல் 1966 வரை, இடைவிடாமல் வந்தவை. தோற்றுக்கொண்டே இருந்த அணிக்காக அந்நகரத்தார் மூன்று தலைமுறைகளாகக் கண்ணீர் விட்டனர், கதை கட்டினர். வென்றுகொண்டே இருந்த அணி ஆடிய நாள்களிலோ அரங்கில் பல ஆயிரம் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. இந்த முரண் எப்படி நேர்ந்தது என்பதே இங்கு நம் கேள்வி.

மைதானத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காத தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். இரசிகனின் கருத்து என்பதும் ஒருவகை வாய்மொழி இலக்கியமே. அதற்குப் பாட்டுடைத் தலைவன் உண்டு, பகைவன் உண்டு, நல்வேளை தீவேளை உண்டு. பாட வேறுபாடுகளும் உண்டு. எந்தக் கதை நிலைக்கிறது, எது மறக்கப்படுகிறது என்று பார்ப்பது எங்கள் தொழிலுக்கு அந்நியமானதன்று.

முதலில் கதை. 1918 வரை ஐந்து முறை உலகத் தொடரை வென்று ரெட் சாக்ஸே முதலிடத்தில் இருந்தது. (உலகத் தொடர் என்பது அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதிப் போட்டிக்கு அவர்கள் இட்ட பெயர். வட அமெரிக்காவுக்கு அப்பாலுள்ள உலகம் அதில் ஆடுவதில்லை.) பந்து வீசுவதிலும் அடிப்பதிலும் ஒருசேர வல்லவரான பேப் ரூத் அவ்வணியின் ஒளிவிளக்கு. 1919ஆம் ஆண்டு இறுதியில் அணியின் உரிமையாளரும் நாடகத் தயாரிப்பாளருமான ஹாரி ஃப்ரேஸி அவரை ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றார். அதுவரை ஒருமுறைகூட உலகத் தொடரை வென்றிராத யாங்கீஸ் 2000ஆம் ஆண்டுக்குள் 26 முறை வென்றது. ரெட் சாக்ஸோ 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை இறுதிப் போட்டிக்கு வந்து, நான்கிலும் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்று தோற்றது. ரூத்தை விற்ற பாவம் பிடித்து ஆட்டுகிறது என்றனர் இரசிகர். நம் ஊர்களில் கோட்டை இடிந்ததற்கும் ஏரி தூர்ந்ததற்கும் யாரோ ஒரு பெண்ணின் சாபத்தைக் காரணம் காட்டுவதில்லையா, அப்படி.

இக்கதை நாம் நினைக்குமளவு பழையது அன்று என்பது கவனிக்கத்தக்கது. 1986 தோல்விக்குப் பின்னரே அது பரவலாயிற்று. 1990இல் டான் ஷானசி என்னும் பத்திரிகையாளர் நூலாக்கியபின் நிலைபெற்றது. ரூத்தை விற்ற பணத்தில்தான் 'நோ, நோ, நானெட்' என்ற இசை நாடகத்தை ஃப்ரேஸி அரங்கேற்றினார் என்பர். அந்நாடகம் பிராட்வேக்கு வந்ததோ 1925இல். தொன்மத்துக்கு ஆண்டுக்கணக்கு ஒரு பொருட்டில்லை.

அந்த 1986 தோல்வியையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 25, ஆறாவது ஆட்டம். நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிராகப் பத்தாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் இரண்டு ஓட்டங்கள் முன்னிலை. எதிரணியில் இருவர் வெளியேறிவிட்டனர். இன்னும் ஒருவர் வெளியேறினால் வாகை. அங்கிருந்து மெட்ஸ் மீண்டெழுந்தது. கடைசியில் மெதுவாக உருண்டு வந்த பந்து பில் பக்னரின் கால்களுக்கிடையே நழுவிச் சென்றது. பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. அப்பந்து உருளும் முன்பே ஆட்டம் சமநிலைக்கு வந்திருந்தது. ஏழாவது ஆட்டம் ஒன்று மிச்சமிருந்தது. அதிலும் ரெட் சாக்ஸ் மூன்று ஓட்டங்கள் முன்னிலை பெற்ற பின்னரே தோற்றது. இவற்றை இரசிக நினைவு உதறிவிட்டது. கதைக்கு ஒரு முகம் வேண்டும், அவ்வளவே. அவரை மன்னிக்க இன்னும் இரண்டு வாகைகள் தேவைப்பட்டன: 2008இல் ஃபென்வே பார்க் மைதானத்தில் பருவத்தின் முதல் பந்தை வீச அழைக்கப்பட்டபோது கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது.

இனி, சாபக் கதை எதை மறைத்தது என்று காண்போம்.

1933 முதல் 1976இல் இறக்கும்வரை ரெட் சாக்ஸின் உரிமையாளராக இருந்தவர் டாம் யாக்கி என்னும் பெருஞ்செல்வர். அக்காலத்தில் பெரிய லீக் பேஸ்பாலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை, எழுதப்படாத தடை. 1945இல் பாஸ்டன் நகரமன்ற உறுப்பினர் இசடோர் மச்னிக், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான அனுமதியைத் தடுப்பேன் என்று எச்சரித்ததன் பேரில் அணி இறங்கி வந்து ஒரு தேர்வுக்கு இசைந்தது. கறுப்பினப் பத்திரிகையாளர் வெண்டல் ஸ்மித் மூவரை அழைத்துவந்தார்: ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். ஏப்ரல் 16 அன்று ஃபென்வே பார்க்கில் அம்மூவரும் அடித்தும் பிடித்தும் காட்டினர். பிறகு தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தனர். அத்தகவல் வரவேயில்லை.

ராபின்சன் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடி அத்தடையை உடைத்தார். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் அவரே. ஜெத்ரோ 1950இல் அதே விருதைப் பெற்றார். அதுவும் பாஸ்டனிலேயே, பிரேவ்ஸ் என்ற மற்றோர் அணிக்கு ஆடி. பர்மிங்காமில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் வில்லி மேஸை ஒப்பந்தம் செய்ய ரெட் சாக்ஸுக்கு வாய்ப்பிருந்தது. அந்நகரில் அதற்கு ஒரு கிளை அணியே இருந்தது; மேஸின் அணியும் அக்கிளை அணியும் ஒரே மைதானத்தில் ஆடின. ஆயினும் விட்டுவிட்டது, ஜயன்ட்ஸ் அணி கொண்டுபோயிற்று. அந்த மேஸ் பின்னாளில் 660 ஹோம் ரன்கள் அடித்தார். பெரிய லீக் அணிகள் பதினாறில் கடைசியாகக் கறுப்பின வீரரை ஆட்டத்தில் இறக்கியது ரெட் சாக்ஸ்தான்: 1959 ஜூலையில் பம்ப்சி கிரீன். ராபின்சனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. விற்கப்பட்ட ஒரு ரூத்தை எண்ணி எண்பது ஆண்டுகள் புலம்பிய நகரம், வாசலுக்கே வந்து திருப்பியனுப்பப்பட்ட ராபின்சனைக் கதையில் சேர்க்கவில்லை. சாபம் என்றால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அதன் வசதி அது.

(ரெட் சாக்ஸின் தலைசிறந்த மட்டையாளர் டெட் வில்லியம்ஸ் 1966இல் புகழ்மன்றத்தில் ஆற்றிய உரையில், வாய்ப்பு மறுக்கப்பட்ட கறுப்பின லீக் வீரர்களுக்கும் அங்கே இடம் தரவேண்டும் என்று கேட்டார். அந்த அணியிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று.)

கூடைப்பந்துக்கு வருவோம். செல்டிக்ஸின் பயிற்றுநர் ரெட் ஆவர்பாக் வேறு வார்ப்பு. என்.பி.ஏ. அணிகளுள் முதன்முதலில் ஒரு கறுப்பின வீரரைத் தேர்ந்தெடுத்தது செல்டிக்ஸ். 1950இல், சக் கூப்பரை. 1956இல் பில் ரசல் வந்தார். எதிரியின் பந்தைத் தடுப்பதையே ஒரு கலையாக்கி ஆட்டத்தின் இலக்கணத்தை மாற்றியவர் அவர். 1964 டிசம்பர் 26 அன்று தொடக்க ஐவரும் கறுப்பினத்தவராக இறங்கிய முதல் என்.பி.ஏ. அணி செல்டிக்ஸ். 1966இல் ரசலே ஆடிக்கொண்டே பயிற்றுநரும் ஆனார். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகளில் அண்மைக் காலத்தில் அப்பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். பயிற்றுநராக இரண்டு வாகைகள்.

ஏறத்தாழ 13,900 பேர் அமரக்கூடிய பாஸ்டன் கார்டன் அரங்கம் இவ்வளவுக்கும் நிறையவில்லை. அதே அரங்கில் ஆடிய புரூயின்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி 1959-60 முதல் எட்டுப் பருவங்கள் தொடர்ந்து இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. அதற்கோ கூட்டம் குறையவில்லை. இதற்கு நிறவெறி ஒன்றே காரணம் என்று முடிகட்டிவிடலாகாது. பனிமிகுந்த அப்பகுதியில் ஐஸ் ஹாக்கி வேரூன்றிய ஆட்டம்; கூடைப்பந்து அன்று நாடெங்கும் இளைத்தே இருந்தது. ஆனால் அதை மட்டுமே சொல்லி ஒதுங்குவோர் ரசலின் வீட்டில் நடந்ததற்கு விடை சொல்ல வேண்டும். ரெடிங் என்னும் புறநகரில் இருந்த அவ்வீட்டை உடைத்துப் புகுந்தவர்கள் சுவரெல்லாம் இழிசொல் எழுதினர், கோப்பைகளை நொறுக்கினர், படுக்கையில் மலம் கழித்துச் சென்றனர். அவர் மகள் 1987இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதை எழுதினார். தாம் செல்டிக்ஸுக்காக ஆடியவரே ஒழிய பாஸ்டனுக்காக ஆடியவர் அல்லர் என்ற பொருளில் ரசல் பேசுவதுண்டு. 1972இல் அவருடைய 6ஆம் எண் சட்டையை அரங்கின் உச்சியில் ஏற்றியபோது, அவர் விருப்பப்படியே இரசிகரை உள்ளே விடுமுன் அச்சடங்கு முடிக்கப்பட்டது. இரண்டாண்டுகளில், பள்ளிகளில் இனக்கலப்புக்காக நீதிமன்றம் ஆணையிட்டபோது, கறுப்பினக் குழந்தைகள் வந்த பேருந்துகள் மீது தெற்கு பாஸ்டனில் கல் விழுந்தது.

1979இல் லாரி பேர்ட் என்ற வெள்ளையின வீரர் வந்தார். 1980 முதல் 1995இல் அரங்கம் மூடப்படும்வரை செல்டிக்ஸ் ஆட்டங்களுக்குச் சீட்டு மிஞ்சவில்லை. பேர்ட் பெரும் ஆட்டக்காரர், ஐயமில்லை. லீக்கும் அப்போது வளர்ந்திருந்தது. ஆயினும் பதினொரு வாகைகள் நிரப்பாத இருக்கைகள் முதல் வாகைக்கு முன்பே நிரம்பத் தொடங்கின. 1984, 1986 வாகைகளின்போது பயிற்றுநராக இருந்தவர் கே.சி. ஜோன்ஸ், 1964இன் அந்தக் கறுப்பின ஐவரில் ஒருவர். இரசிகர் பேச்சில் அவர் பெயர் மெலிந்தே ஒலிக்கிறது.

1999 மே மாதம், புதிய அரங்கில், ரசலின் சட்டையை மீண்டும் ஒருமுறை ஏற்றினர். இம்முறை நிறைந்த கூட்டத்தின் முன்னிலையில். நெடுநேரம் கைதட்டல் ஓயவில்லை. 2013இல் நகரமன்றச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. 2022 ஜூலையில் அவர் மறைந்தபின் 6ஆம் எண்ணை என்.பி.ஏ. முழுவதுமே ஓய்வு கொடுத்து வைத்தது.

ரெட் சாக்ஸின் 'சாபம்' தீர்ந்த 2004ஆம் ஆண்டு அணியின் தூண்களான டேவிட் ஓர்டிஸ், பெட்ரோ மார்ட்டினஸ், மேனி ரமீரஸ் மூவரும் டொமினிகன் குடியரசில் பிறந்தவர்கள். யாக்கியின் பழைய அணியில் இம்மூவர்க்கும் இடமிருந்திராது. அவ்வாண்டு பல இரசிகர்கள் இறந்துபோன தந்தையர், பாட்டனார் கல்லறைகளில் அணியின் கொடியையும் தொப்பியையும் வைத்துவிட்டு வந்தனர். அந்த அன்பும் பொய்யன்று. 2017 மே முதல் நாள், அதே ஃபென்வே பார்க்கில், பால்டிமோர் அணியின் ஆடம் ஜோன்ஸை நோக்கி இழிசொல் எழுந்தது. கடலைப் பொட்டலம் வீசப்பட்டது. மறுநாள் அவர் மட்டையோடு வந்தபோது அதே மைதானத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மைதானத்தை ஒட்டிய தெருவுக்கு 1977இல் யாக்கியின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அணியின் இன்றைய உரிமையாளர்களே அதை நீக்கக் கோரினர். புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு யாக்கி வாரி வழங்கியதைச் சொல்லி ஒரு சாரார் எதிர்த்தனர். அவர் வழங்கியதும் உண்மையே. 2018 ஏப்ரலில் மாற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. பலகையில் இப்போது இருப்பது பழைய பெயர், ஜெர்சி தெரு.