எகிப்தின் வெண்கலத் தெய்வ உருவங்கள்

எகிப்திய வரலாற்றின் பிற்காலம் எனப்படும் கி.மு. 664 முதல் 332 வரையான காலப்பகுதியில், கோயில்களுக்குக் காணிக்கையாக அளிப்பதற்கென்றே தெய்வங்களின் சிறிய வெண்கல உருவங்கள் பெருமளவில் வார்க்கப்பட்டன. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவதே வார்ப்பு முறை; வெண்கலத்தில் ஈயம் கலந்ததால் உருகிய உலோகம் அச்சின் நுண்ணிய இடுக்குகளிலும் தடையின்றி ஓடியது.

இவ்வுருவங்களில் மனிதமுகம் கொண்டவற்றில் தெய்வத்தை இனங்காட்டுவது முகம் அன்று. முடியும், அமர்வும், கைப்பொருளுமே. பதப்படுத்திய உடலைப்போலத் துணி சுற்றிய மேனியும், மேய்ப்பனின் வளைகோலும் கதிரடிக்கும் கோலும் ஏந்திய கைகளும், இருபுறமும் தீக்கோழி இறகு பொருத்திய உயரமான முடியும் இறந்தோர் உலகின் அரசனான ஓசிரிஸுக்கு உரியவை. மற்றவற்றிலுள்ள விலங்குத் தலைகளைக் கொண்டு, எகிப்தியர் தம் தெய்வங்கள் உண்மையிலேயே அவ்வாறு தோன்றுவதாக நம்பினர் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. பாஸ்டெட்டின் பூனைத்தலை அவளது சாந்தத்தையும், செக்மெட்டின் பெண்சிங்கத்தலை அவளது உக்கிரத்தையும் உணர்த்தும் குறிகளே ஆகும்.

இம்மரபின் நுட்பம் முழுவதும், மகன் ஹோரஸுக்குப் பாலூட்டும் ஐசிஸ் என்னும் பெண் தெய்வத்தின் உருவத்தில் திரண்டு நிற்கிறது. தாய் வலக்கையால் இட மார்பைப் பற்றி, இடக்கையால் குழந்தையின் தலையைத் தாங்குகிறாள். குழந்தையோ அவள் மடியில் குழைந்து கிடக்காமல் விறைப்பாக அமர்ந்திருக்கிறது. இதைச் சிற்பியின் திறக்குறைவாகக் கொள்ளலாகாது. எகிப்திய மன்னர் ஒவ்வொருவரும் மண்ணுலகில் ஹோரஸாகவே கருதப்பட்டதால், அம்மடியில் இருப்பது அரசுரிமையாகும். குழந்தையின் தலையோரம் தொங்கும் ஒற்றைக் குழற்கற்றை இளமைக்கு அடையாளம். வாயில் விரல் வைத்த தோற்றமும் அதையே குறித்தபோதிலும், பின்னாளில் கிரேக்கரும் ரோமரும் அதை மௌனத்தின் சைகையாகக் கொண்டனர். ஐசிஸின் தலைமீதுள்ள, பசுக்கொம்புகளுக்கிடையே பரிதி வட்டம் தாங்கிய முடியோ ஹத்தோர் என்னும் தெய்வத்திடமிருந்து வந்தது. ஆகவே, குழந்தை இல்லாத பெண் உருவங்களில் இருவரையும் பிரித்தறியப் பீடத்தின் எழுத்துப்பொறிப்பே பலவேளைகளில் துணை செய்கிறது.

அப்பொறிப்பு, காணிக்கை அளித்தவருக்கு உயிர் அருளுமாறு தெய்வத்தை வேண்டி, அவர் பெயரையும் பெற்றோர் பெயரையும் கூறும். காணிக்கைகள் பெருகிக் கோயிலில் இடம் போதாதபோது, தெய்வத்தின் உடைமையான அவற்றை வெளியே அகற்றாமல், பூசகர்கள் கோயில் வளாகத்துக்குள்ளேயே குழி தோண்டிப் புதைத்தனர். கர்னாக் கோயிலில் 1903இல் தொல்லியலாளர் ஜார்ஜ் லெக்ரேன் அகழத் தொடங்கிய அத்தகைய குழியொன்றிலிருந்து, நூற்றுக்கணக்கான கற்சிலைகளுடன் ஏறத்தாழ 17,000 வெண்கலப் பொருள்கள் வெளிப்பட்டன.